தமக்குத் தாமே இட்ட மதிப்பெண்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். ஆய்விதழின் மதிப்பாய்வாளர் பதிவேட்டை இப்போது பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"மேடம், மத்த ஜர்னல் எல்லாத்துலயும் ரிவ்யூவர் ஃபார்ம்ல, 'உங்க திறமைக்கு நீங்களே மார்க் போடுங்க'ன்னு ஒரு கேள்வி இருக்கு. நம்ம ஃபார்ம்ல மட்டும் இல்ல. புது சிஸ்டம்ல சேத்துடலாமான்னு கேக்குறாங்க. பழைய ஃபைல்ல பாத்தா, ஒரு காலத்துல இருந்திருக்கு, அப்புறம் எடுத்திருக்காங்க. யாரு சேத்தா, யாரு எடுத்தான்னு தெரியல."

சேர்த்தது நான், எடுத்ததும் நான். எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"ரெண்டு வரி போதும் மேடம்," என்றார்.

இரண்டு வரியில் அடங்கவில்லை. இதில் வரும் பெயர்களையும் ஆய்வுக் கட்டுரையின் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மதிப்பாய்வு செய்தவர் யார் என்பதை வெளியிடாதிருப்பது எங்கள் தொழிலின் முதல் நோன்பு. ஓய்வு பெற்றுவிட்டதால் நோன்பு முடிந்துவிடுவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே தட்டச்சராகச் சேர்ந்தேன். வெப்பமண்டல நோய்களையும், உணவு, நீர் ஆகியவற்றின் தூய்மையையும் பற்றிய ஆய்வுகளை வெளியிடும் காலாண்டிதழ் அது. பயின்ற ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிருமிகளின் லத்தீன் பெயர்களைப் பிழையின்றித் தட்டக் கற்றேன். அட்டவணைக் கோடுகளை நேராக இழுக்கக் கற்றேன். அறிஞர்களின் கோபத்தைக் கடிதத்தில் ஆற்றித் தரக் கற்றேன். பத்தாண்டில் தட்டச்சர் என்ற பெயர் போய் ஆசிரியர் குழுவின் செயலர் என்ற பெயர் வந்தது. மேசை மாறவில்லை.

ஒரு கட்டுரை வந்தால் செய்ய வேண்டிய முறை இது. மூன்று படிகள் வரும். மூன்றிலும் நாள் முத்திரை குத்தி, எண் இட்டு, ஒரு படியை இரும்பு அலமாரியில் பூட்ட வேண்டும். மற்ற இரண்டிலிருந்தும், எழுதியவரின் பெயர் உள்ள முதல் தாளைப் பிரித்தெடுத்து உறையிலிட்டு ஒட்ட வேண்டும். பிறகு மரப்பெட்டியைத் திறக்க வேண்டும். மதிப்பாய்வாளர்களின் பெயரும் துறையும் முகவரியும் எழுதிய அட்டைகள் அதில் இருந்தன. கட்டுரையைப் படித்து, அது அச்சேறத் தக்கதா என்று கூறும் அதே துறை அறிஞர்கள் இவர்கள். இருவருக்கு அனுப்புவோம், இருவரும் சரியென்றால் அச்சுக்குப் போகும்.

பெட்டி இருநூறு அட்டைகள் கொள்ளும். இருந்தவை இருபத்து மூன்று. இருபத்து மூவரும் துறைத் தலைவர்கள், ஆலோசகர்கள், அரை டஜன் குழுக்களில் உறுப்பினர்கள். ஒரு கட்டுரையை ஒருவர் பதினொரு மாதம் வைத்திருந்தார். அவர் வீடு மாறியபோது அது பியானோ இருக்கையின் பெட்டிக்குள் கிடைத்தது. அவர் மனைவி அதை ஒரு பிஸ்கட் டின்னோடு சேர்த்து அனுப்பிவைத்தார்.

இதழின் ஆசிரியராக டாக்டர் சாகுல் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். நுண்ணுயிரியல் பேராசிரியர். முன்னோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் வணிகம் செய்த குடும்பம். பிறர் முன்னிலையில் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார். கதவைச் சாத்தினால் தமிழ். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் தட்டிக் கொடுக்கும் தாளில் பிழை இருந்தால் திருத்த மாட்டார். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் கடுகளவு புள்ளி ஒன்று வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்தினால் அந்தப் புள்ளியை அவரே அழிப்பார். கேட்டால், "நான் சொல்லிட்டா என் தப்பு ஆயிடும் கனகம். நீங்க கண்டுபிடிச்சாத்தான் உங்க தப்பு," என்பார். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தப் புள்ளியைப் போல் கற்பித்தவர் எனக்கு வேறு எவருமில்லை என்று ஆயிற்று.

இளைய விஞ்ஞானிகளின் பதிவேடு ஒன்று வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முனைவர் பட்டம் முடித்து ஏழெட்டு ஆண்டுக்குள் இருப்பவர்கள், பல்கலைக்கழகத்திலும் மருத்துவமனைகளிலும் அரசு ஆய்வகங்களிலும் நாள்முழுதும் கைகளால் வேலை செய்பவர்கள். அவர்களைத் திரட்டிக் கணினியில் ஏற்ற வேண்டும்; ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பெரியவர், ஓர் இளையவர் என்று அனுப்ப வேண்டும். ஆசிரியர் குழு எளிதில் இசையவில்லை. குழுவின் மூத்தவரான பேராசிரியர் டான், "நேற்று எங்கள் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இன்று எங்கள் தாளைத் திருத்துவதா?" என்றார். முடிவில், ஓராண்டுக்கு மட்டும் சோதனை முறையில் நடத்தலாம், ஒரு பெரிய பிழை நேர்ந்தாலும் பதிவேட்டை மூடிவிட்டு மரப்பெட்டிக்குத் திரும்புவது என்று தீர்மானம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதியவள் நான். பதிவேட்டை வடிவமைக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

கணினி என்றால் பச்சை எழுத்துத் திரையும் ஃப்ளாப்பி வட்டு செருகும் இரண்டு துளைகளும் கொண்ட ஒரு பெட்டி. அதை இயக்கத் தெரிந்தவர் லிம் என்ற இளைஞர். வாரம் இருமுறை வருவார். ஆங்கிலத்தில்தான் பேசுவோம், வாக்கியத்தின் கடைசியில் 'லா' சேர்க்கும் சிங்கப்பூர் ஆங்கிலம். என்னை மட்டும் தேக்கா சந்தைத் தமிழ்க் கடைக்காரர்களிடம் கற்ற சொல்லால் 'அக்கா' என்பார்.

பெயர், பட்டம், பணியிடம், ஆய்வு நெறியாளர், தொலைபேசி என்று கட்டங்கள் அமைத்தோம். நெறியாளர் கட்டம் நான் கேட்டது. ஆசான் எழுதிய கட்டுரை மாணவரிடமே மதிப்பாய்வுக்குப் போய்விடக் கூடாது அல்லவா. அடுத்து, யாருக்கு எதில் தேர்ச்சி என்பது. அதை ஒவ்வொருவரும் ஒரு பத்தியாக எழுதித் தரட்டும் என்றேன். லிம் தலையசைத்து மறுத்தார்.

"சொல்லை வரிசைப்படுத்த முடியாது லா அக்கா. நம்பர் குடுங்க. நம்பர் இருந்தா மெஷின் ஒரு நொடியில அடுக்கிடும்."

நாற்பது பொருள்களின் பட்டியல் தயாரித்தேன். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒன்று முதல் ஐந்து வரை தம் தேர்ச்சிக்குத் தாமே மதிப்பெண் இட வேண்டும். மூன்றுக்குக் கீழ் இட்டவர்களின் பெயர் தேடலில் வராது. முறை தெளிவாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படிவத்தின் முதற்படியை டாக்டர் சாகுலிடம் கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. மதிப்பெண் கட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி.

இரண்டு நாள் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. கட்டத்தின் வலக்கோடு சற்றே சாய்ந்திருந்தது. அதுதான் என்று முடிவு செய்து, கோட்டை நேராக்கி மறுபடி தட்டி வைத்தேன். அவர் பார்த்தார். கையெழுத்திட்டார். புள்ளியுள்ள பழைய தாளைத் தம் இழுப்பறையில் வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

படிவங்களை நானே சுமந்து போனேன். நிலத்தடி ரயிலுக்காக நகரெங்கும் தோண்டிக்கொண்டிருந்த காலம். ஆய்வகங்களின் வாசலில் நின்று, வெள்ளை மேலங்கி அணிந்தவர்களிடம் கொடுத்து வந்தேன். சிலர் அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் பயின்று திரும்பிய ஒருவர் நாற்பது பொருள்களில் பதினொன்றில் ஐந்து இட்டார், இட்டுவிட்டு, "ஆறு இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல உற்சாகமான மனிதர். எட்டு மாதத்தில் நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். கட்டுரைகள் மூன்று வாரத்தில் திரும்பி வந்தன. குழுவே வியந்தது. பதிவேடு நிலைத்துவிடும் என்று நம்பத் தொடங்கினேன்.

ஆண்டு முடிய ஒரு மாதம் இருந்தபோது, அண்டை நாட்டு ஆய்வுக் குழு ஒன்றிடமிருந்து அந்தக் கட்டுரை வந்தது. கெராங் பற்றியது. லக்சா, வறுத்த குவெத்தியா போன்ற நூடுல்ஸ் உணவுகளில் அரைவேக்காடாகப் போடும் சிப்பி. கழிவு கலந்த கரையில் வளர்ந்தால் நோய்க்கிருமிகளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தின்றவருக்கு மஞ்சள் காமாலை வரலாம். பிடித்த கெராங்கைத் தூய கடல்நீர்த் தொட்டியில் ஒன்றரை நாள் விட்டால் கிருமிகள் நீங்கிவிடும், பிறகு அரைவேக்காடாக உண்பதில் தீங்கில்லை என்று கட்டுரை கூறியது. அச்சில் வந்தால் சந்தைக்காரர்கள் தொட்டி வைப்பார்கள். அந்தச் சிப்பியை அச்சமின்றி மக்கள் தின்பார்கள்.

கணினியில் 'சிப்பி உணவு' என்று தேடினேன். முதற்பெயராக வந்தவர், பதினொரு ஐந்துகளை இட்டவர். பெரியவர் வரிசையில் பேராசிரியர் டான். ஐந்து இட்டவரின் அறிக்கை மூன்றாம் நாளே வந்தது. நான்கு வரி: சிறந்த ஆய்வு, வெளியிடலாம். பேராசிரியர் டானின் அறிக்கை ஒரு பக்கம்: முறை செம்மையானது, வெளியிடலாம். இருவரும் சரியென்றுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏற்புக் கடிதத்தைத் தட்டி, டாக்டர் சாகுலின் கையெழுத்துக் கோப்பில் வைத்துவிட்டு, வழக்கம்போல் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். திங்கட்கிழமை அவர் கையெழுத்திடுவார்.

மறுநாள் காலை தேக்கா சந்தையில் ஸ்டெல்லாவைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சுமை தூக்கியவரின் மகள். கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியில் படித்து, பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டானிடம் முனைவர் பட்டம் பெற்று, அரசு ஆய்வகம் ஒன்றில் வேலையாயிருந்தாள். என் தங்கையின் வகுப்புத் தோழி. அவளுக்கும் நான் படிவம் கொடுத்திருந்தேன்.

"கனகம் அக்கா, கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள். "ஃபார்ம் குடுத்து எட்டு மாசமாச்சு. எங்க லேப்ல எல்லாருக்கும் பேப்பர் வந்துடுச்சு. எனக்கு ஒண்ணுகூட வரல. ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா?"

"எந்த சப்ஜெக்ட்ல எழுதின?"

"கெராங் தான் அக்கா. வேற என்ன தெரியும் எனக்கு. நாலு வருஷம் கெராங்கோடதான் குடும்பம் நடத்தினேன். எங்கம்மா, 'சிப்பிக்கே தாலி கட்டிடு'ன்னு சொல்லிட்டாங்க."

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடியபோது இவள் பெயர் ஏன் வரவில்லை?

"எத்தனை மார்க் போட்ட?"

அவள் தயங்கினாள். "ஒண்ணு."

"கெராங்குக்கா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் அக்கா. அஞ்சு எப்படிப் போடுறது? ஸ்கேல் அஞ்சோட முடிஞ்சுடுதுல்ல. நான் அஞ்சுன்னா எங்க புரொபசர் என்ன? நாலுன்னா அவருக்கு ஒரு படி கீழயா நான்? எங்க சிஸ்டர்லாம் அப்படிச் சொல்லிக் குடுக்கல. ஒண்ணுன்னு போட்டா, தெரிஞ்சவங்க புரிஞ்சுப்பாங்கன்னு நினைச்சேன்."

தெரிந்தவள் நான்தான். புரிந்துகொள்ள வேண்டியவளும் நான்தான். அலுவலகத்துக் கோப்பில் இருந்த கட்டுரையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே விடை தெரிந்திருக்கும். கேட்க எனக்கு உரிமையில்லை. "தப்பு உன் மேல இல்லை, பாக்குறேன்," என்று மட்டும் சொல்லி வந்தேன்.

இளமை முதல் நாள்தோறும் பதிகம் ஓதி வருபவள் நான். அந்தப் பாடல்களைப் பாடிய பெரியோர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் முறை எனக்கு நன்கு தெரியும். ஞானத்தில் தலைசிறந்தவரே தம்மை அடியாருள் கடையர் என்பார்; அன்பில் கரைந்தவரே தமக்கு அன்பு இல்லை என்று அழுவார். அதைப் படித்து, இவருக்கு அன்பு இல்லை போலும் என்று குறித்துக்கொள்பவர் யாரும் இல்லை. அந்தப் பணிவைக் கொண்டே அவர்கள் உயரத்தை அறிகிறோம். இத்தனை ஆண்டு இப்படிப் படித்தவள், அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கையில் வாங்கியவுடன், ஒன்று என்று எழுதியிருந்தால் ஒன்று என்றே ஏற்றினேன். இயந்திரத்துக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டை முழுதும் தாளில் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒன்றும் இரண்டுமாக இட்டிருந்தவர்கள் முப்பத்தொரு பேர். எட்டு மாதத்தில் அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு கட்டுரை போகவில்லை.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. குழு கூட மூன்று வாரம் இருந்தது. ஒரு பெரிய பிழை போதும் என்பது தீர்மானம். பதிவேடு மூடப்பட்டால் முப்பத்தொரு பேர் மட்டுமல்லர், நூற்று நாற்பது பேரும் வெளியே நிற்பார்கள். மறுபடி இருபத்து மூன்று அட்டைகள். சொல்லாமல் விட்டால், கட்டுரை ஒருவேளை சரியாகவே இருக்கலாம்.

திங்கட்கிழமை டாக்டர் சாகுல் கோப்பைத் திறக்குமுன் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். நடந்ததைச் சொன்னேன். சந்தையில் பேசியது, முப்பத்தொரு பெயர், கெராங்.

அவர் இழுப்பறையைத் திறந்து, எட்டு மாதத்துக்கு முன் புள்ளி வைத்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுதானா சார்?"

"இதுதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கணும்," என்றார். "எனக்கும் ஒரு சந்தேகம்தான் இருந்துச்சு கனகம். பேர் வச்சுச் சொல்லத் தெரியல. நான் மாணவனா இருந்தப்ப எனக்கு நானே ரெண்டு போட்டிருப்பேன். அது ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான். நீங்க கோட்டை நேராக்கிக் கொண்டாந்தீங்க. சரி, நான்தான் கிழவன் மாதிரி யோசிக்கிறேன் போலன்னு விட்டுட்டேன். இதுல பாதி என் தப்பு."

ஏற்புக் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்குப் பேப்பரை அனுப்புங்க. மூணாவது ஆளா. முதல் ரெண்டு பேர் யாரு, என்ன சொன்னாங்கன்னு ஒரு எழுத்து தெரியக் கூடாது."

"ஒருத்தர் அவ புரொபசர் சார்."

"அதனாலதான் சொல்றேன்." பிறகு என்னைப் பார்த்தார். "போர்டுக்குச் சொல்லாம இதை நாம சரி பண்ணிட முடியும். செய்யலாமா?"

"வேண்டாம் சார்."

"அப்ப அஜெண்டாவுல எழுதிடுங்க. முதல் ஐட்டமா."

ஸ்டெல்லாவின் அறிக்கை பத்தாம் நாள் வந்தது. ஒன்பது பக்கம். முதற்பத்தி முழுதும், இதைக் கூறத் தனக்குத் தகுதியில்லை என்பதற்கான மன்னிப்பு. டாக்டர் சாகுல் அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். இம்முறை எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பத்தி இல்லாமல் படியெடுத்தேன். மற்ற எட்டரைப் பக்கத்திலும் ஒரு தடுமாற்றமும் இல்லை. கட்டுரையாளர்கள் எண்ணிக் கணக்கிட்டது பாக்டீரியாவை மட்டும். ஒன்றரை நாளில் அது நீங்கும், உண்மைதான். காமாலையைத் தரும் வைரஸ் சிப்பியின் குடலில் அதைவிடப் பல நாள் தங்கும். அதை அவர்கள் எண்ணவே இல்லை. எண்ணுவது எப்படி, எந்த நிலையில் கை தவறும் என்று படிப்படியாக எழுதியிருந்தாள். தொட்டியிலிருந்து எடுத்த சிப்பியை அரைவேக்காடாக உண்ணலாம் என்ற வரி நீக்கப்படாமல் இதை வெளியிடக் கூடாது என்று முடித்திருந்தாள்.

குழு கூடிய நாளில் நான் மேசையின் கோடியில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தேன். டாக்டர் சாகுல் மூன்று அறிக்கைகளையும் பெயரின்றி எல்லார் முன்னும் வைத்தார். பதிவேட்டில் நேர்ந்த பிழையை, யார் சேர்த்த கட்டம், யார் கையெழுத்திட்டது என்பது உட்பட, ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்தார். சாக்குச் சொல்லவில்லை.

பேராசிரியர் டான் ஒன்பது பக்க அறிக்கையைப் படித்தார். அறுபதைக் கடந்தவர், மெலிந்த உடல், படிக்கும்போது உதடு அசையும். நாலாம் பக்கத்துக்குப் போய், பின்னோக்கி இரண்டாம் பக்கத்துக்கு வந்து, மறுபடி நாலாம் பக்கத்துக்குப் போனார். மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்துவிட்டார்கள். பதிவேட்டை மூடச் சொல்பவர் அவராகவே இருப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

"இது பதிவேட்டில் உள்ளவர் எழுதியதா?" என்று கேட்டார்.

"ஆமாம்," என்றார் டாக்டர் சாகுல்.

"இவர் தமக்கு என்ன எண் இட்டிருந்தார்?"

டாக்டர் சாகுல் என்னைப் பார்த்தார். "ஒன்று," என்றேன்.

"நாலு வரி எழுதியவர்?"

"ஐந்து."

"எங்களுக்கு நீங்கள் படிவமே கொடுக்கவில்லை," என்றார் என்னிடம். குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் விட்டுப்போன ஒன்றை எடுத்துக்காட்டுபவர் போலச் சொன்னார். பிறகு ஒரு பக்க அறிக்கையைத் தம் விரலால் தொட்டார். பெயர் இல்லாத தாள் அது. "இது என்னுடையது. நான் முறையைப் பார்த்தேன். எதை அளந்தார்கள் என்று பார்க்கவில்லை. இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குறிப்பேட்டில் எழுதுங்கள்."

எழுதினேன். அதற்குப் பிறகு பதிவேட்டை மூடுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பிப் போயிற்று.

மதிப்பெண் கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் உங்கள் கையாலேயே செய்த சோதனை முறைகள் எவை? இதில் பெருமைக்கும் இடமில்லை, பணிவுக்கும் இடமில்லை. செய்தோமா இல்லையா என்பதுதான். லிம்முக்கு மகிழ்ச்சியில்லை.

"சொல்லை வரிசைப்படுத்த முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா அக்கா."

"வரிசைப்படுத்த வேண்டாம். தேடி எடுத்துக் குடு. படிக்கிறதை நான் பாத்துக்குறேன்."

"நூத்தி நாப்பது பேர் லா."

"எனக்குக் கண்ணு இருக்கு லா," என்றேன். ஒரு வாரத்துக்குள் செய்து தந்தார்.

புதிய படிவம் பெரியவர்கள் இருபத்து மூவருக்கும் போயிற்று. பேராசிரியர் டானின் படிவம் முதலில் வந்தது. பெயர், முகவரி, பட்டங்கள், எல்லாம் தட்டெழுத்தில். அந்தக் கேள்விக்கு எதிரே, பேனாவால் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். ஒன்றும் இல்லை என்பதற்கு இடும் கோடு. நான் அதை அப்படியே ஏற்றினேன்.

ஒன்பது பக்கத்தை எழுதியவர் யார் என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. ஊகித்தாரா என்று எனக்குத் தெரியாது. வைரஸை அந்த முறையில் எண்ணத் தெரிந்தவர்கள் அன்று இந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை வாசிப்பவரே எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லா வேறொரு கட்டுரையின் அறிக்கையைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒரு விஷயம். நேத்து எங்க புரொபசர் லேபுக்கு வந்தாரு. டான். ரிட்டையர் ஆகப்போறவரு, எங்க பக்கமே வரமாட்டாரு. வந்து ஸ்டூல்ல உக்காந்து, 'வைரஸ் கவுண்ட் எப்படிப் பண்றே, காட்டு'ன்னாரு. பண்ணிக் காட்டினேன். ரெண்டு மணி நேரம் இருந்தாரு அக்கா. அப்புறம், 'நகரு, நான் பண்றேன்'னு அவரே பைப்பெட் எடுத்துட்டாரு."

"நல்லாப் பண்ணினாரா?"

"ரெண்டு எடத்துல தப்பு."

"என்ன பண்ணின?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னேன் அக்கா," என்றாள்.